ஈனி வடிவமைப்போருக்கும் அவர்கள் திட்டங்களை மதிப்பிடுவோருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பயன்படுத்திய அணு எரிபொருளிலிருந்து அமெரிசியத்தையும் கியூரியத்தையும் தனியே எடுக்கப் புதுப்புது ஈனிகள் (உலோக அயனியைக் கவ்விப் பிடிக்கும் மூலக்கூறுகள்) அறிவிக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. பெரும்பாலான அறிவிப்புகளின் தலையில் ஒரே ஓர் எண் உட்கார்ந்திருக்கிறது: அமெரிசியம்–யூரோப்பியம் பிரிப்புக் காரணி, அதாவது ஈனி யூரோப்பியத்தைவிட அமெரிசியத்தை எத்தனை மடங்கு விரும்பி எடுக்கிறது என்பது. 80 வந்தால் நல்லது, 200 வந்தால் மிக நல்லது, 400 வந்தால் அடுத்த தவணைப் பணம் உறுதி. இந்த ஓர் எண்ணை வைத்து ஈனியை எடைபோடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்பதற்காகவே இந்த மடல். ஈனி செய்யும் பல்கலைக்கழக ஆய்வகங்களுக்கும் திட்ட வரைவுகளைப் படித்து மதிப்பெண் போடும் குழுக்களுக்கும் சேர்த்தே எழுதுகிறோம். யுரேனியமும் புளூட்டோனியமும் எடுக்கப்பட்ட பின் மிஞ்சும் வீரியமிக்க அமிலக் கழிவைப் பற்றி மட்டுமே பேசுகிறோம்.

அந்தக் கழிவில் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். வழக்கமான மென்னீர் உலை எரிபொருள் ஒரு டன்னில் லாந்தனைடுகள் (நியோடிமியம், யூரோப்பியம் போன்ற அருமண் உலோகங்கள்) பத்து கிலோவைத் தாண்டும். அமெரிசியமும் கியூரியமும் சேர்ந்தே ஒரு கிலோவுக்குக் கீழேதான். அமெரிசியம்-241இன் அரை ஆயுள் 432 ஆண்டுகள், அமெரிசியம்-243க்கு ஏழாயிரத்துச் சொச்சம், கியூரியம்-244க்கு 18. கழிவைப் புதைக்கும் குழியின் நீண்டகால வெப்பத்துக்குப் பெரும் பொறுப்பு அமெரிசியத்தினுடையது. அதை எடுத்து வேக உலையில் எரிக்கலாம். ஆனால் லாந்தனைடுகள் கூடவே வந்தால் அவற்றில் சில நியூட்ரான்களை விழுங்கிவிடும். ஆகவே பிரித்தே ஆகவேண்டும்.

பிரிப்பது ஏன் கடினம்? ஆறு அணைவு எண்ணுக்கு (சுற்றிலும் ஆறு அணுக்கள் பிடித்திருக்கும்போது) அமெரிசியம்(3+) அயனியின் ஆரம் 97.5 பிக்கோமீட்டர். நியோடிமியத்துக்கு 98.3, யூரோப்பியத்துக்கு 94.7. மின்சுமையும் ஒன்றே. அளவைப் பார்த்துப் பிரிக்கும் ஈனிக்கு அமெரிசியம் இன்னொரு லாந்தனைடு, அவ்வளவுதான். எஞ்சியிருக்கும் ஒரே பிடி, அமெரிசியத்தின் 5f ஆர்பிட்டால்கள் லாந்தனைடுகளின் 4f-ஐவிடச் சற்றே வெளியே நீட்டியிருப்பது. நைட்ரஜன், கந்தகம் போன்ற மென் கொடை அணுக்களோடு அமெரிசியம் ஒரு துளி கூடுதலாகச் சகப்பிணைப்பு கொள்கிறது. அந்தத் துளி எவ்வளவு? 25 டிகிரியில் பிரிப்புக் காரணி 10 என்றால் 5.7 கிலோஜூல்/மோல், 100 என்றால் 11.4. மூன்று ஈனிகள் ஓர் அயனியைச் சூழும் அணைவில் ஓர் ஈனியின் பங்கு நான்கு கிலோஜூலுக்கும் குறைவு. ஒரு ஹைட்ரஜன் பிணைப்பின் வலிமைகூட இல்லை. கணினியில் செய்யும் அடர்த்திச் சார்புக் கணக்குகளில் கரைப்பான் மாதிரியை மாற்றினாலே இதைவிடப் பெரிய தள்ளாட்டம் வரும். ஆகவே, "கணினி இந்த ஈனிக்கு 150 என்கிறது, செய்து பார்க்க நிதி தருக" என்று வரும் வரைவைச் சற்றுத் தள்ளியே வையுங்கள். ஒரே குடும்பத்து ஈனிகளை வரிசைப்படுத்தக் கணினி உதவும். தனி எண்ணை முன்கூட்டிச் சொல்ல உதவாது.

இனி அந்தப் பிரிப்புக் காரணி. ஈனியை எண்ணெய் போன்ற கரைப்பானில் கரைத்து அமில நீரோடு குலுக்கினால் இரண்டும் தனித்தனி அடுக்காக நிற்கும், உலோகம் இரண்டுக்கும் இடையே பங்கிடப்படும். காரணி என்பது இரண்டு பங்கீட்டு விகிதங்களின் வகுத்தல். எண்ணெய் அடுக்கிலுள்ள உலோகச் செறிவை நீர் அடுக்கிலுள்ள செறிவால் வகுத்தால் பங்கீட்டு விகிதம் கிடைக்கும். ஆலைக்குத் தேவை அந்த இரண்டு விகிதங்களும் 1-இன் இரு பக்கமும் விழுவது. அமெரிசியத்துக்கு 10, யூரோப்பியத்துக்கு 0.1 என்று வையுங்கள், காரணி 100. இரு அடுக்குகளும் சம அளவில் எதிரெதிராக ஓடும்போது மூன்றே இலட்சியப் படிகளில் 99.9 விழுக்காடு அமெரிசியம் எண்ணெய்க்குப் போய்விடும். ஒட்டிக்கொண்டு வரும் பத்து விழுக்காடு யூரோப்பியத்தைச் சில கழுவும் படிகள் திருப்பி அனுப்பிவிடும்.

இப்போது காரணி 500 கொண்ட இரண்டு ஈனிகளைப் பாருங்கள். முதலாவதில் அமெரிசியத்துக்கு 5000, யூரோப்பியத்துக்கு 10. இரண்டுமே எண்ணெய்க்குப் போய்விடும். பிரிப்பு நடக்கவே இல்லை. பிறகு அந்த 5000-ஐ 0.1-க்குக் கீழே இறக்கினால்தான் உலோகத்தை எண்ணெயிலிருந்து மீண்டும் நீருக்குக் கழற்ற முடியும். இரண்டாவதில் 0.5-உம் 0.001-உம். சம ஓட்டத்தில் எத்தனை படிகளை அடுக்கினாலும் பாதி அமெரிசியம் நீரிலேயே நின்றுவிடும். எண்ணெய் ஓட்டத்தைப் பலமடங்கு கூட்டினால்தான் மீளும், அப்போது ஆலையின் அளவும் பலமடங்காகும். தாளில் ஐந்து மடங்கு மேலான இரு ஈனிகளும் ஆலையில் 100-காரனிடம் தோற்றுப்போகின்றன. ஆகவே முதல் வேண்டுகோள்: காரணியை மட்டும் எழுதாதீர்கள். இரண்டு விகிதங்களையும், அமிலச் செறிவு 0.1 முதல் 4 மோலார்வரை, ஒரே வரைபடத்தில் போடுங்கள். அதைப் பார்த்த ஐந்தாவது நொடியில் எங்களுக்குப் பாதி முடிவு தெரிந்துவிடும்.

யூரோப்பியம் ஒன்றை மட்டும் ஒப்பிடுவதிலும் ஒரு பொறி உண்டு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 1960களில் உருவான டால்ஸ்பீக் முறையில் லாக்டிக் அமிலமும், உலோகத்தை நீரிலேயே பிடித்துவைக்கும் டிடிபிஏ-வும் கலந்த நீரில் அமெரிசியம் நிற்கும், லாந்தனைடுகள் எண்ணெய்க்குப் போகும். அங்கே கடினமான எதிரி யூரோப்பியமல்ல, நியோடிமியம். நைட்ரஜன்களால் பிடிக்கும் பிடிபிபி வகை ஈனிகளிலோ (கீழே வருகின்றன) சமேரியமும் யூரோப்பியமுமே தொல்லை. எந்த லாந்தனைடு மிக அருகில் நிற்கிறது என்று முழு வரிசையையும் ஓட்டிப் பார்த்த பிறகே சொல்ல முடியும். ஐசிபி-எம்எஸ் என்ற நிறை நிறமாலைமானியில் பதினான்கையும் ஒரே ஓட்டத்தில் அளக்கலாம். காரணம் சொல்லித் தப்பிக்க வழியில்லை.

பெரிய எண் ஆலைக்குப் போகாமல் நின்றுபோனதற்குச் சான்று சயனெக்ஸ் 301. பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் 1996-இல், தூய்மைப்படுத்திய அந்தக் கந்தக ஈனிக்குக் காரணி 5000-ஐத் தாண்டியது. அந்த எண்ணை இன்றும் மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் அது வேலை செய்தது பிஎச் 3-க்கு மேல். கழிவோ 3 மோலார் நைட்ரிக் அமிலம். அந்த அமிலத்தையெல்லாம் நடுநிலையாக்கினால் உப்பு மலையாகக் குவியும், சிர்கோனியம் வீழ்படிவாகும். கந்தகமும் பாஸ்பரசும் இருப்பதால் ஈனி தன் காலம் முடிந்ததும் எரித்துச் சாம்பலில்லாமல் ஒழிக்கவும் வராது. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் நான்கோடு நில் என்ற ஐரோப்பிய விதி இப்படிப்பட்ட அனுபவத்தில் பிறந்ததுதான்.

அமிலம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை டெர்பிரிடின் என்ற ஈனியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். மூன்று பிரிடின் நைட்ரஜன்கள், அழகான கொடுக்கு. ஆனால் 1 மோலார் அமிலத்தில் நைட்ரஜன்களைப் புரோட்டான் பிடித்துக்கொள்கிறது, உலோகத்துக்கு இடமில்லை. வெளி வளையங்களை 1,2,4-டிரையசின் (மூன்று நைட்ரஜன் கொண்ட வளையம்) ஆக்கினால் காரத்தன்மை விழுகிறது, உலோகத்தைப் பிடிக்கும் ஆற்றல் விழவில்லை. ஸ்டெனெக் கோலாரிக் 1999-இல் வெளியிட்ட பிடிபி ஈனிகளின் மந்திரம் அதுதான்: அமிலத்திலேயே காரணி 100-ஐத் தாண்டியது.

அதன்பின் நடந்ததைத்தான் ஒவ்வோர் ஆய்வு மாணவரும் படிக்கவேண்டும். முதல் பிடிபி-க்களில் டிரையசினுக்குப் பக்கத்துக் கார்பனில் ஹைட்ரஜன் இருந்தது. கதிர்வீச்சால் நைட்ரிக் அமிலத்தில் உண்டாகும் நைட்ரஸ் அமிலமும் தனி உறுப்புகளும் (ஜோடியில்லா எலக்ட்ரான் கொண்ட துண்டுகள்) நேரே அந்த ஹைட்ரஜன்மேல் பாய்ந்தன. சரி, அந்த இடத்தில் ஹைட்ரஜனே இல்லாமல் இரண்டிரண்டு மெத்தில்களை வைத்து வளையம் கட்டினார்கள். நான்கு மெத்தில் கொண்ட சைக்ளோஹெக்சேன் வளையம் என்பதால் சைமி-4 என்று பெயர். சிதைவு குறைந்தது. ஆனால் சைமி-4 பிடிபி உலோகத்தை அவ்வளவு இறுக்கிப் பிடித்ததால் கழற்றவே முடியவில்லை. நடுவிலிருந்த ஒரு பிரிடினுக்குப் பதில் பைபிரிடினை வைத்தார்கள். நாற்கொடுக்கு ஈனி, உலோகத்துக்கு இரண்டு போதும். இதுதான் சைமி-4 பிடிபிபி. பிஎச் 4-இல் அரை மோலார் கிளைகாலிக் அமிலம் கொண்டு கழற்ற முடிந்தது. ஆனால் தனித்திருக்கும்போது பைபிரிடினின் இரு நைட்ரஜன்களும் எதிரெதிர்ப் பக்கம் பார்க்கின்றன. உலோகத்தைப் பிடிக்கும்முன் ஒன்று சுழன்று திரும்பவேண்டும். எனவே மந்தம். 5 மில்லிமோலார் டோட்கா என்ற இன்னோர் ஈனியைச் சேர்த்து உலோகத்தை எல்லைக்கோட்டில் தூக்கிக்கொடுத்தார்கள். 15 மில்லிமோலார் சைமி-4 பிடிபிபி, டோட்காவுக்குப் பதில் டிஎம்டிஓஎச்இஎம்ஏ என்ற வேறோர் அமைடு, கரைப்பானாக ஆக்டனால்: இந்தக் கலவைதான் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில் உண்மையான எரிபொருள் கரைசலில் 99.9 விழுக்காட்டுக்கு மேல் அமெரிசியத்தை எடுத்துக் காட்டியது. பிறகு ரெடிங் பல்கலைக்கழகக் குழு பைபிரிடினை ஃபினாந்த்ரோலின் என்ற சுழலாத வளையமைப்பால் பூட்டியது. சுழற்றவேண்டிய வேலையே இல்லை, வேகம் கூடியது, அதுதான் பிடிஃபென்.

பார்த்தீர்களா, இந்த வரிசையில் எந்தத் திருப்பமும் காரணியைக் கூட்டுவதற்காக நடக்கவில்லை. சிதைவுக்காக ஒன்று, கழற்றலுக்காக ஒன்று, வேகத்துக்காக ஒன்று. காரணி தொடக்கத்திலேயே போதுமாகத்தான் இருந்தது.

வேகத்தைப் பற்றி இன்னும் சில சொற்கள். உங்கள் செய்முறையில் அரை மில்லிலிட்டர், அரை மில்லிலிட்டர் ஊற்றி, வோர்டெக்ஸில் ஒரு மணிநேரம் குலுக்கி, சுழற்றிப் பிரித்து, காமாக் கணிப்பானில் அமெரிசியம்-241இன் 59.5 கிலோஎலக்ட்ரான்வோல்ட்டையும் யூரோப்பியம்-152இன் 121.8-ஐயும் எண்ணுகிறீர்கள். ஆலையில் கலவைக்குக் கிடைப்பது மையவிலக்குக் கருவியில் சில நொடிகள் முதல் சில பத்து நொடிகள். ஒரு மணிநேரப் பங்கீட்டு விகிதம் அங்கே பொருளற்றது. 1, 5, 15, 30, 60 நிமிடங்களில் எடுத்த புள்ளிகளைக் கொடுங்கள். குலுக்கும் வேகத்தையும் வெப்பநிலையையும் எழுதுங்கள். இரு அடுக்குகளிலும் கணிப்பான் காட்டும் எண்ணிக்கையைக் கூட்டித் தொடக்கத்தோடு ஒப்பிடுங்கள். 95 விழுக்காட்டுக்குக் கீழே வந்தால் உலோகம் குழாய்ச் சுவரிலோ இடையில் மிதக்கும் அழுக்கிலோ ஒளிந்திருக்கிறது. அந்தப் புள்ளியைத் தூக்கிப் போடுங்கள். விகிதம் 1000-க்கு மேலும் 0.001-க்குக் கீழும் போனால் அளவீட்டில் நம்பத்தக்க இலக்கமே மிஞ்சுவதில்லை. ஒரு அடுக்கு கிட்டத்தட்டக் காலி. மற்ற அடுக்கின் ஒரு சொட்டு அதில் கலந்தாலே விடை மாறிவிடும். பளபளக்கும் பல காரணிகள் அந்தச் சொட்டிலிருந்து வந்தவை என்பது எங்கள் ஐயம்.

சுவடு அளவு உலோகத்தோடு மட்டும் சோதிப்பது இன்னொரு மறைவிடம். பத்தின் மைனஸ் ஏழாவது அடுக்கு மோலாரில் எல்லா ஈனியும் நல்ல பிள்ளை. உண்மைக் கழிவில் என்ன ஆகும்? ஒரு டன் எரிபொருளுக்கு 5,000 லிட்டர் கழிவு, அதில் 12 கிலோ லாந்தனைடு, 0.7 கிலோ அமெரிசியமும் கியூரியமும் என்று வையுங்கள். லாந்தனைடு ஏறத்தாழ 17 மில்லிமோலார். அமெரிசியமும் கியூரியமும் சேர்ந்து 0.6. லாந்தனைடுகளையும் சேர்த்து இழுக்கும் டோட்கா போன்ற ஈனிக்கு அயனிக்கு மூன்று நான்கு மூலக்கூறுகள் வேண்டும். 50 முதல் 70 மில்லிமோலார் அதற்கே போய்விடும். ஆலைக் கலவைகளில் டோட்கா 0.2 மோலார் இருப்பதன் காரணம் இதுதான். 10 மில்லிமோலாருக்கு மேல் கரையாத ஈனி, அமெரிசியத்தை மட்டுமே தேர்ந்தெடுக்கும் வேலைக்கு ஆகும், எல்லாவற்றையும் சேர்த்து இழுக்கும் முதல் படிக்கு ஆகாது. உங்கள் ஈனி எதற்கு என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பல்லேடியம், சிர்கோனியம், மாலிப்டினம் உள்ள போலிக் கழிவில் ஓட்டுங்கள். மென் நைட்ரஜன்கள் பல்லேடியத்தை விரும்பும்; டோட்கா சிர்கோனியத்தையும் விடாது. அவற்றை நீரிலேயே பிடித்துவைக்கும் சிடிடிஏ போன்ற மறைப்பான் சேர்த்தால் அடங்கும், ஆனால் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

எண்ணெய் அடுக்கு இரண்டாகப் பிளந்து மூன்றாம் அடுக்கு விழுவதும் இங்கேதான். டோடெக்கேன் எண்ணெயில் டோட்கா தனியாக இருந்தால் உலோகம் சற்று ஏறியதுமே கனத்த துளிகள் அடியில் இறங்கும். 5 விழுக்காடு ஆக்டனால் சேர்த்தால் நிற்கும். ஈனியின் கார்பன் வால்களை மாற்றுவதும் மருந்துதான். நான்கு மின்சுமை அயனிகளோடு டிரைபியூட்டைல் பாஸ்பேட் என்ற ஈனி மூன்றாம் அடுக்கு கட்டும் தொல்லைக்கு, வாலை ஒரு கார்பன் நீட்டிக் கிளை வைத்த டிரை-ஐசோஅமைல் பாஸ்பேட்டைக் கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் நீண்டகாலம் ஆராய்ந்து விடையாக முன்வைத்தார்கள். கொடுக்குப் பகுதி அப்படியே இருந்தது. புதிய கொடுக்கு கண்டுபிடித்தால் பெயர் வரும், வாலை மாற்றினால் வராது என்பதால்தான் வால்களைப் பற்றிய கட்டுரை இவ்வளவு குறைவோ என்னவோ.

கதிர்வீச்சுக்கு வருவோம். ஒரு லிட்டர் ஆக்டனாலில் 10 மில்லிமோல் ஈனி. ஏற்கும் கதிர்வீச்சு அளவு 100 கிலோகிரே என்றால் அந்த லிட்டரில் இறங்கும் ஆற்றல் சுமார் 82,000 ஜூல். ஒரு ஜூலுக்கு 0.1 மைக்ரோமோல் ஈனி அழிகிறது என்று வைத்தாலே 8.2 மில்லிமோல் போயிற்று. பத்தில் எட்டு! ஈனியை ஆக்டனாலில் மட்டும் கரைத்து, காற்றுப்புகாத குப்பியில் காமாக் கதிர் வீசும் கோபால்ட்-60 முன் வைத்து "நிலையானது" என்று எழுதுவது போதாது. அமிலம் உடனிருக்கவேண்டும், காற்று இருக்கவேண்டும், இரு அடுக்குகளும் கலங்கவேண்டும். அளவீடும் இருமுறை: எவ்வளவு ஈனி மிஞ்சியது என்று குரோமட்டோகிராஃபியில் ஒன்று, பங்கீட்டு விகிதம் என்ன ஆனது என்று மற்றொன்று. இரண்டும் ஒத்துப்போகாது. சைமி-4 பிடிபிபி-யில் ஆக்டனாலின் தனி உறுப்பு ஈனியோடு ஒட்டிக்கொண்டு புதிய சேர்மம் ஆகிறது, அதுவும் உலோகத்தை இழுக்கிறது. ஈனி குறைந்தும் பிரிப்பு குறையவில்லை. எதிர்மாறாகவும் நடக்கும்: ஈனி மிஞ்சியிருக்கும், சிதைந்த துண்டு ஒன்று நீரில் நின்று உலோகத்தைப் பிடித்துவைத்துக் கழற்றலைக் கெடுக்கும். ஆல்ஃபா கதிர் தனிக் கதை. காமாவில் கண்டதை அப்படியே அதற்கு ஏற்றிச் சொல்லக் கூடாது.

விலையையும் ஒளிக்கவேண்டாம். சைமி-4 பிடிபிபி-யின் மூலக்கூறு எடை 534.7; 15 மில்லிமோலார் என்றால் லிட்டருக்கு 8 கிராம், ஆயிரம் லிட்டர் கரைப்பானுக்கு 8 கிலோ. அதற்கான டைகீட்டோன் செய்ய உலோக சோடியத்தோடு ஓர் அசைலாயின் படி வேண்டும். 200 மில்லிகிராம் செய்த குடுவையில் இது தெரியாது. உங்கள் தயாரிப்பில் எத்தனை படிகள், ஒட்டுமொத்த விளைச்சல் எவ்வளவு, எங்கே சிலிக்கா நிரலில் சுத்திகரிப்பது தவிர்க்கமுடியாதது என்று ஒரு பத்தி எழுதுங்கள்.

மதிப்பீட்டுக் குழுக்களுக்குத் தனியே ஒரு வேண்டுகோள். வரைவில் "காரணி எதிர்பார்ப்பு" என்ற கட்டத்தை நீக்கிவிட்டு, கழற்றும்போது அமெரிசியத்தின் பங்கீட்டு விகிதம் என்ன, எந்தக் கரைசலில், எத்தனை நொடியில் என்று கேளுங்கள். பெரும்பாலான வரைவுகளில் அதற்கு விடையே இருக்காது. தோற்ற ஈனிகளின் எண்களுக்கும் இடம் கொடுங்கள்: கரையாதது, மூன்றாம் அடுக்கு விழுந்தது, கழற்ற முடியாமல் போனது. அமெரிசியத்தைக் கையாள உரிமமில்லாத ஆய்வகம் யூரோப்பியம், நியோடிமியத்தோடு கரைதிறன், வேகம், மூன்றாம் அடுக்கு, அமிலத்தில் ஒரு மாத நிலைப்பு ஆகிய நான்கையும் தானே முடித்துவிட முடியும், செலவும் குறைவு. அந்த நான்கும் கையில் இருந்தால்தான் கதிரியக்க ஆய்வகத்தில் கையுறைப் பெட்டி நேரம் என்று விதி வையுங்கள். பெட்டிக்கு வெளியே காத்திருக்கும் வரிசை பாதியாகும்.

இப்படிக்கு,
கரைப்பான் பிரிப்பில் பணிபுரியும் வேதியியலாளர்கள் சிலர்